உளுந்தின் உள்ளே ஒரு காவல்

விடுதி இட்டலியை நாள்தோறும் வைகிறோம். அதற்குள் இருக்கும் உளுந்தை எண்ணியதுண்டா? சென்ற மாசியில் ஊருக்குப் போகும்வரை நானும் எண்ணியதில்லை.

தஞ்சை மாவட்டம் எங்களுடையது. சம்பா அறுவடைக்கு முன் ஈர வயலில் தெளித்த உளுந்து, மஞ்சள் பூசினாற்போல் நின்றது. இருமுறை மருந்தடித்தும் பயனில்லை. "செடியைப் பற்றித்தானே தம்பி படிக்கிறாய், இது என்ன?" என்றார் அப்பா. "மஞ்சள் தேமல், வெள்ளை ஈ பரப்பும் வைரஸ்" என்றேன். "அதைக் கடைக்காரரே சொன்னார். செடி சும்மாவா நிற்கிறது?" என்றார்.

எத்துணை நல்ல கேள்வி! விடை தெரிந்திருந்தும் தமிழில் சொல்ல நா எழவில்லை. வெட்கம்!

செடி சும்மா நிற்பதில்லை. வைரஸ் பெருகும்போது ஈரிழை ஆர்.என்.ஏ. தோன்றுகிறது. டைசர் என்னும் நொதி அதை 21 முதல் 24 எழுத்துள்ள துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோநாட் என்னும் புரதம் ஒரு துண்டை அடையாளச் சீட்டாக ஏந்தித் திரிந்து, அதற்குப் பொருந்தும் வைரஸ் செய்தியைக் கண்டால் வெட்டிப் போடுகிறது. வைரசும் இளைத்ததன்று, இக்காவலை முடக்கும் புரதங்களை உடன் கொணர்கிறது. அப்பாவின் வயலில் வென்றது வைரஸ்.

காவலுக்கு முன்கூட்டியே அடையாளம் காட்டினால்? மதுரை காமராசர் பல்கலைக் கழகத்தின் வேலுதம்பி, சிவப்பிரசாத் ஆகியோர், சுவிட்சர்லாந்தின் பேசல் நகர அறிஞர்களான ஹோன், பூகின் ஆகியோரோடு சேர்ந்து 2003இல் அதைக் காட்டினர். வைரசின் ஒரு பகுதிக்குரிய ஈரிழை ஆர்.என்.ஏ.வை ஆக்கும் மரபுப் பொருளை நோயுற்ற உளுந்துச் செடிகளில் செலுத்த, செடிகள் பல தேறின. அச்சிவப்பிரசாத் பின்னர் ஆய்வுக்கூடம் அமைத்தது நம் பெங்களூரில், ஜி.கே.வி.கே. வளாகத்துத் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில். பேருந்தில் போய்வரும் தொலைவுதான்; நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இதே முறையில் தேமலைத் தாங்கும் அவரையினப் பயறு ஒன்றுக்குப் பிரேசில் அரசு 2011இலேயே இசைவு தந்தது. நம் உளுந்தோ ஆய்வுக்கூடத்தைத் தாண்டவில்லை. ஆய்ந்தறியாமல் வயலில் விடலாமா என்பார் சிலர். கூடாதுதான். ஆனால் வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமை யாருக்கு முதலில்? உளுந்து விதைப்பவருக்கு அன்றோ! அவருக்குப் புரியும் மொழியில் ஒருவரும் சொல்லாதபோது அவர் எதை ஏற்பார், எதை மறுப்பார்? இக்குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

திரும்பி வந்ததும் அப்பாவுக்கு ஐந்து பக்கம் எழுதினேன். மறுமொழி வந்தது: "மூன்று பக்கம் புரிந்தது. மீதியைச் சித்திரையில் வந்து சொல்."