இடம் கிடையாத பெண்ணுக்கு வழி என்ன?

வருஷந்தோறும் நர்ஸிங் பி.எஸ்ஸி. வகுப்பின் தேர்வுப் பட்டியல் வெளியானவுடன் நாட்டில் இரண்டு காட்சிகளைக் காண்கிறோம். இடம் பெற்ற வீட்டில் சர்க்கரை வழங்குகிறார்கள். இடம் பெறாத வீட்டுத் திண்ணையில் தரகர் வந்து உட்காருகிறார். சமீபத்தில் ஒரு குடியானவர் தம் பெண்ணை அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். சர்க்கார் கல்லூரியில் அவளுக்கு இடமில்லை. அயல் ராஜ்யத்தில் இடம் வாங்கித் தருவதாகச் சொன்ன தரகருக்குப் பணம் கொடுப்பதற்காக, இரண்டு ஏக்கர் நஞ்சையை ஈடு வைக்கப் பத்திரம் எழுதித் தரவேண்டும் என்றார். அக்கல்லூரிக்கு அங்கீகாரம் உண்டா என்று வினவினோம். “உண்டென்று தரகர் சொன்னார்” என்றார். அந்த ஒரு வார்த்தையே இதை எழுதும்படி நம்மைத் தூண்டிற்று.

இடம் கிடையாமை வேறு, தகுதியின்மை வேறு. பந்தியில் இலை போதாமற் போனால் வெளியே நிற்பவனுக்குப் பசியில்லை என்று சொல்வாருண்டோ? 1946-ஆம் வருஷத்தில் போர் கமிட்டியார் இத்தேசத்தில் ஏறக்குறைய 43,000 ஜனங்களுக்கு ஒரு நர்ஸ் வீதமே இருப்பதாகக் கண்டு வருந்தினார்கள். அன்று அவ்வேலைக்குப் பெண்ணை அனுப்ப நம் குடும்பங்கள் கூசின. இன்றோ பெண்கள் தாமே முன்வந்து கதவைத் தட்டுகிறார்கள். இது தேசத்துக்கு வந்த பாக்கியம் அல்லவா?

ஆகவே, தட்டிய கதவு திறவாதபோது அப்பெண் செய்யத்தக்கது யாது? முதலாவது, பின்வரும் சுற்றுக்களைப் பொறுத்திருந்து பார்ப்பது. மற்றப் படிப்புக்குப் போகிறவர்கள் விட்டுச்செல்லும் இடங்கள் உண்டு. இரண்டாவது, ஒரு வருஷம் காத்திருப்பது. இதில் நிதானம் வேண்டும். டில்லி எய்ம்ஸ் போல் தனிப் பரீக்ஷை வைக்கும் இடங்களுக்கு உழைத்துப் படிப்பதானால் அவ்வருஷம் வீணாகாது. பிளஸ் டூ மார்க்கையே பார்க்கும் இடத்திலோ, காத்திருப்பதனால் மார்க்கு வளராது. மூன்றாவது, ஜி.என்.எம். என்னும் மூன்று வருஷ டிப்ளோமா. இதனைத் தாழ்ந்ததென்று பலர் ஒதுக்குகின்றனர். இது பிழை. டிப்ளோமா பெற்றுப் பதிவு செய்துகொண்டவள் பின்னர் இரண்டே வருஷத்தில் போஸ்ட் பேசிக் பி.எஸ்ஸி. பட்டம் பெறலாம். நேர்வழிக்கு நான்கு வருஷம், இவ்வழிக்கு ஐந்து. ஒரு வருஷ வித்தியாஸத்துக்காக நஞ்சையை ஈடு வைப்பது எந்தக் கணக்கில் சேரும்? மேலும், டிப்ளோமா முடித்தவள் சம்பளம் வாங்கிக்கொண்டே மேற்படிப்புக்குப் பணம் சேர்க்கலாம்.

தரகர் காட்டும் வழியையும் சீர்தூக்குவோம். வெளியூர்க் கல்லூரிகள் எல்லாம் கெட்டவை என்பது நம் வாதமன்று. ஆனால் படிப்பின் பயன் பட்டச் சீட்டில் இல்லை. கவுன்ஸில் பதிவேட்டில் இருக்கிறது. 1926-ஆம் வருஷத்துச் சென்னைச் சட்டம் தொட்டு இன்றுவரை நர்ஸுக்குப் பதிவே ஆதாரம். அங்கீகாரமற்ற கல்லூரியில் படித்தவளுக்கு நான்கு வருஷமும் போய், நிலமும் போய், கையில் மிஞ்சுவது கடன் ஒன்றே.

அக்கடன்தான் எளிதில் தீருமோ? 2016-ஆம் வருஷத்தில், ஸுப்ரீம் கோர்ட்டின் உத்தரவின்பேரில் அமைந்த கமிட்டி, 50 படுக்கைக்குட்பட்ட தனியார் ஆஸ்பத்திரியிலும் நர்ஸின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையலாகாது என்று சிபாரிசு செய்தது. சட்டபலமற்ற சிபாரிசு ஏழைக்குச் சோறு போடாது. அதைச் சட்டமாக்குவது சர்க்காரின் கடமை. இடங்களைப் பெருக்குவதும் அவர்கள் கடமையே. 157 புதிய நர்ஸிங் கல்லூரிகளை 1,570 கோடி ரூபாய்ச் செலவில் ஸ்தாபிக்க மத்திய மந்திரிசபை 2023 ஏப்ரலில் சம்மதித்தது; அவற்றினின்று வருஷத்துக்குச் சுமார் 15,700 பட்டதாரிகள் வருவார்கள் என்று கணக்கும் சொல்லிற்று. கணக்கு காகிதத்தில் நின்றால் தரகரே அதன் லாபத்தை அடைவார்.

நம் தேசத்தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. மேடைப் பிரசங்கத்துக்கு நாம் குறைவு வைக்கவில்லை. இப்பருவத்தில் ஊருக்கு ஒருவர் முன்வந்து, பத்திரத்தில் கைந்நாட்டு விழுமுன் கல்லூரியின் அங்கீகாரத்தைக் கவுன்ஸிலிடம் கேட்டறிந்து சொல்வாரானால், அதுவே பெருந்தொண்டு. ஒரு கடிதச் செலவில் ஒரு குடும்பத்தின் நிலம் தப்பும்.

அக்குடியானவர் பத்திரம் எழுதாமலே ஊர் திரும்பினார். அவர் பெண் ஜி.என்.எம். வகுப்புக்கு மனுப் போட்டிருக்கிறாள். அவளுடைய நஞ்சை அவளுடையதாகவே இருக்கிறது. மற்றப் பெண்களின் நஞ்சையும் அவ்வாறே இருக்கச் செய்வது நம் எல்லோருடைய பொறுப்பு.