புள்ளியைக் கேட்கிறோம், பிள்ளையைக் கேட்கிறோமா?



புலமைப்பரிசில் பெறுபேறு வந்துவிட்டால் வல்வெட்டித்துறையில் ஒரே கேள்விதான்: "எத்தனை புள்ளி? எந்தப் பெரிய பள்ளிக்கூடம்?" பிள்ளையின் விருப்பத்தை ஒருவரும் கேட்பதில்லை. இதில் ஆசிரியர்களாகிய எங்களுக்கும் பங்கு உண்டு. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய பிள்ளையின் படத்தைப் போட்டு வாழ்த்துகிறோம். தாண்டாத பிள்ளை எங்கே போகும் என்று யோசிக்கிறோமா?

தரம் 6 இல் சேர்க்கமுன் நாங்கள் பெற்றோருக்குச் சொல்லவேண்டியது வேறு. 1ஏபி பாடசாலை என்றால் உயர்தரத்தில் விஞ்ஞானமும் உண்டு. 1சி என்றால் கலையும் வர்த்தகமும். வகை 2 என்றால் தரம் 11 உடன் முடியும். 2013 இல் வந்த தொழினுட்பப் பிரிவு எங்கே இருக்கிறது என்று எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

யாழ்ப்பாணம் போய்வரவே தினமும் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பஸ்ஸில் போகும். பிறகு ரியூசன். பத்து வயதுப் பிள்ளை எப்போது விளையாடும், எப்போது நித்திரை கொள்ளும்?

ஊரிலேயே சிதம்பராக் கல்லூரி இருக்கிறது. பருத்தித்துறையில் 1838 இல் தொடங்கிய ஹாட்லி இருக்கிறது. லண்டனில் சிதம்பராவின் பெயரில் கணிதப் போட்டியே நடக்கிறது. அதைப் பெருமையாகப் பகிர்ந்துவிட்டு, விடிய எங்கள் பிள்ளையை யாழ்ப்பாண பஸ்ஸில் ஏற்றுகிறோம்!

புள்ளி ஒரு நாள் பரீட்சையில் வந்தது. பள்ளிக்கூடமோ தரம் 13 வரை எட்டு வருடம். விண்ணப்பம் நிரப்பமுன் பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக் கேளுங்கள். நாங்களும் வகுப்பில் கேட்கத் தொடங்குவோம்.