மக்காச்சோளம்: உணவுக்கா? ஊர்திக்கா?

இறைவன் வழங்கிய அருட்கொடைகளுள் தலையாயது உணவு. அதனை விளைவிக்கும் நிலமும் நீரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். பயிர்களிலிருந்து எத்தனால் வடித்துப் பெட்ரோலில் கலக்கும் திட்டத்தை இக்கண்கொண்டு நோக்குதல் நம் கடமையாகும்.

எரிசாராயம் என்றதும் நம் பெரியவர்களுட் சிலர் முகஞ்சுளிப்பர். பருக இயலாதவாறு வேதிப்பொருள் கலந்து ஊர்திக்கென அனுப்பப்படுவது அது. எனவே, அஃது எதிலிருந்து வடிக்கப்படுகிறது என்பதே இன்று எழவேண்டிய முதல் வினா.

2003இல் தொடங்கிய இக்கலப்புத் திட்டம், 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கைக்குப்பின் விரைவுற்றது. 2030இல் எட்டக் கருதிய 20 விழுக்காடு 2025இலேயே எட்டப்பட்டது. கச்சா எண்ணெய்க்குச் செல்லும் அந்நியச் செலாவணி மிச்சமாவதும், சர்க்கரை ஆலைகளுக்கு வருவாய் கூடுவதும் மறுக்கவொண்ணா நன்மைகள்.

ஆயின், கரும்பிலிருந்து ஒரு லிட்டர் எத்தனால் பெற ஏறத்தாழ 2,860 லிட்டர் நீர் செலவாகிறது என நிதி ஆயோக்கின் 2021ஆம் ஆண்டு அறிக்கையே கூறுகிறது. மோகனூர்க் கரும்பு வயல்களுக்கு நீரருமை சொல்லித் தெரிய வேண்டுவதில்லை. மழை குன்றிய 2023இன் இறுதியில், சர்க்கரைத் தட்டுப்பாட்டிற்கு அஞ்சிய நடுவணரசு கரும்புச்சாற்றிலிருந்து எத்தனால் வடிப்பதைக் கட்டுப்படுத்தியது. அவ்விடத்தை நிரப்ப வந்ததே மக்காச்சோளம். அதனை ஏற்றுமதி செய்துவந்த நாடு, 2024இல் பெருமளவில் இறக்குமதி செய்யும் நிலையை அடைந்தது.

இதன் சுமை நாமக்கல்லின் தலையில் இறங்கிற்று. இங்குள்ள கோழிப்பண்ணைகளின் செலவில் பெரும்பகுதி தீவனத்திற்கே. தீவனத்தில் ஏறத்தாழப் பாதி மக்காச்சோளம். சத்துணவுக் கூடத்து ஏழைக் குழந்தையின் தட்டில் விழும் முட்டையும் இப்பண்ணைகளிலிருந்து செல்வதுதான்.

ஓர் எளிய கணக்கைக் காண்போம். ஒரு டன் மக்காச்சோளத்தில் சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். மகிழுந்தின் 40 லிட்டர்த் தொட்டியில் 8 லிட்டர் எத்தனால். அதற்கு வேண்டுவது 21 கிலோ மக்காச்சோளம். நாளொன்றுக்கு 110 கிராம் தீவனம் உண்ணும் கோழி, அதே 21 கிலோவைக் கொண்டு ஏறத்தாழ 300 முட்டைகள் இட்டுவிடும்! எத்தனாலின் வெப்ப ஆற்றலோ பெட்ரோலினும் மூன்றிலொரு பங்கு குறைவு. வடித்தபின் மிஞ்சும் சக்கை தீவனமாகும் என்பர், உண்மையே. ஆனால் தானியத்தில் பூஞ்சை நச்சு இருப்பின் அது சக்கையில் செறிந்துவிடும் என்பதையும் மறத்தலாகாது.

உழவனுக்கு நல்ல விலை கிடைக்கிறதே என்பார் உளர். அது கிடைப்பின் மகிழ்வோரில் நாமும் ஒருவரே. எனினும் 2025-26க்குக் குவிண்டாலுக்கு 2,400 ரூபாய் ஆதாரவிலை அறிவிக்கப்பட்டிருந்தும், கர்நாடகத்தில் விலை அதற்குக் கீழே சரிந்து உழவர்கள் வீதிக்கு வந்தனர். கொள்முதல் உறுதியின்றி ஆலைகள் பெருகுவதால் மட்டும் உழவன் வாழ்ந்துவிடான்.

எத்தனாலே வேண்டா என்பதன்று நம் கருத்து. கழிவுப்பாகு, உண்ணத்தகாத தானியம், மக்காச்சோளத் தட்டை, சேலத்துச் சேகோ ஆலைகளில் குவியும் திப்பி ஆகியவை முதலிடம் பெறட்டும். பானிப்பட்டில் வைக்கோலிலிருந்து எத்தனால் வடிக்கும் ஆலை 2022இலேயே திறக்கப்பட்டுள்ளது. அவ்வழி இன்று செலவு மிக்கது. அதனை மலிவாக்குவதே நம் அறிவியல் மாணவர்கள் ஏற்கவேண்டிய பணி. மரவள்ளியும் மக்காச்சோளமும் தேவைக்கு மிஞ்சி விளைந்து விலை வீழும் ஆண்டுகளில் மட்டும் ஆலைக்குச் செல்லட்டும்.

விலையேற்றம் கருதித் தானியத்தைப் பதுக்குவதைப் பாவமென விலக்கியது நம் மார்க்கம். பதுக்கிய தானியமேனும் ஒருநாள் வெளிவரும். எரித்த தானியம் மீளாது. பசித்தவன் பங்கை எடுத்துவைத்த பின்னரே ஊர்தியின் பங்கைப் பேசுதல் அறமாகும்.