நாமே கம்பைல் செய்த சாஃப்ட்வேருக்கு நாமே பொறுப்பு

லினக்ஸ் பழகும் நண்பர்கள் பலர் பெருமையாகச் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. "நான் ரெடிமேடாக எதையும் இன்ஸ்டால் செய்வதில்லை. சோர்ஸ் கோடை எடுத்து நானே கம்பைல் செய்துகொள்வேன்." நானும் இப்படிச் சொல்லித் திரிந்தவன்தான். அந்தப் பெருமைக்கான பில் இரண்டரை ஆண்டு கழித்து வந்தது. அதுவும் என் கம்ப்யூட்டருக்கு மட்டும் வரவில்லை. என் தம்பியின் கம்ப்யூட்டருக்கும் சேர்த்து வந்தது.

எந்த சாஃப்ட்வேர் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். புராஜெக்ட் செய்யும் மாணவர்களின் கம்ப்யூட்டரைத் திறந்தால் 'ஃபைனல்', 'ஃபைனல்2', 'ஒரிஜினல் ஃபைனல்' என்று ஃபோல்டர்கள் வரிசையாக நிற்கும். எதில் எதை மாற்றினோம் என்று அவர்களுக்கே நினைவிருக்காது. இந்தத் தலைவலிக்கு மருந்துதான் வெர்ஷன் கன்ட்ரோல் சாஃப்ட்வேர். யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று ஒவ்வொன்றையும் பதிவு செய்து வைக்கும். வேண்டும்போது பழைய நிலைக்குத் திரும்பலாம். இவற்றில் பெரும்பாலோர் பயன்படுத்துவது கிட். லினக்ஸ் கெர்னல் வேலைக்குப் பயன்பட்டு வந்த பிட்கீப்பரின் இலவச அனுமதி 2005-ல் நின்றுபோனதால், அந்த ஆண்டு ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய சாஃப்ட்வேர் இது.

2020 ஊரடங்கு நேரம். என் லேப்டாப்பில் உபுண்டு 18.04. அதோடு வந்த கிட் 2.17.1. ஆனால் 'கிட் ஸ்விட்ச்' என்ற புதிய கமாண்ட் 2019 ஆகஸ்டில் வந்த 2.23-ல்தான் சேர்க்கப்பட்டது. உபுண்டுவின் நீண்டகாலப் பதிப்புகளில் ஒரு வழக்கம் உண்டு. பாதுகாப்புக் கோளாறுகளைத் திருத்தித் தருவார்கள். ஆனால் சாஃப்ட்வேரின் வெர்ஷனைப் பொதுவாக ஏற்ற மாட்டார்கள். புது கமாண்ட் வேண்டுமே என்று கிட் 2.27.0-வின் சோர்ஸ் கோடை டவுன்லோடு செய்தேன்.

கமாண்டுகள் என்னவோ மூன்றுதான். 'கான்ஃபிகர்' நம் கம்ப்யூட்டரில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும். 'மேக்' கம்பைல் செய்யும். 'மேக் இன்ஸ்டால்' உரிய ஃபோல்டர்களில் கொண்டுபோய் வைக்கும். முதல் முயற்சி இசட்லிப் ஹெடர் ஃபைல் இல்லை என்று பாதியில் நின்றது. கிட் தன் தகவல்களைச் சுருக்கி வைப்பதற்கு இசட்லிப் தேவை. லைப்ரரி என் கம்ப்யூட்டரில் இருந்தது. கம்பைல் செய்யத் தேவையான 'டெவ்' பேக்கேஜ் இல்லை. அதைப் போட்டதும் முழுவதும் கம்பைல் ஆனது.

வேடிக்கை அதற்குப் பிறகுதான். இணையத்திலிருந்து ஒரு புராஜெக்டை இறக்கப் போனால், ஹெச்டிடிபிஎஸ் முகவரியைக் கையாளும் துணை புரோகிராம் இல்லை என்கிறது. காரணம், கர்ல் லைப்ரரியின் 'டெவ்' பேக்கேஜ் என்னிடம் இல்லை. 'கான்ஃபிகர்' அதைக் கவனித்து, சத்தமில்லாமல் அந்தப் பகுதியை மட்டும் விட்டுவிட்டது. எர்ரர் இல்லாமல் கம்பைல் ஆனாலே எல்லாம் சரி என்று நினைக்கக்கூடாது என்று அன்று கற்றுக்கொண்டேன். கல்லூரியில் நான்கு ஆண்டு படித்தும் புரியாத லைப்ரரி, ஹெடர், லிங்க்கிங் எல்லாம் அந்த ஒரு மாலையில் புரிந்தன. அதனால் இன்றும் சொல்கிறேன்: கம்ப்யூட்டர் படிக்கும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது ஒரு சாஃப்ட்வேரை சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து பார்க்க வேண்டும்.

நான் செய்த தவறு அடுத்த நாள். பொறியியல் படிப்பில் சேரவிருந்த தம்பியின் கம்ப்யூட்டரிலும் அதே 2.27.0-வை அதே முறையில் போட்டுக் கொடுத்தேன். பிறகு இருவருமே அதை மறந்துவிட்டோம்.

2023 ஜனவரியில் கிட் 2.39.1 வெளிவந்தது. ஒரு பாதுகாப்புத் தணிக்கையில் கண்டுபிடிக்கப்பட்ட இரண்டு பெரிய ஓட்டைகளை அடைக்க வந்த வெர்ஷன். தீய நோக்கத்தோடு தயாரித்த ஒரு புராஜெக்டை நாம் இறக்கினாலே, நம் கம்ப்யூட்டரில் அடுத்தவர் புரோகிராம் ஓட வாய்ப்பு இருந்தது. உபுண்டுவும் தன் பழைய வெர்ஷன்களில் அதே திருத்தத்தைச் சேர்த்து அனுப்பியது. தம்பிக்கு போன் செய்து அப்டேட் போடச் சொன்னேன்.

"நான்தான் தினமும் அப்டேட் போடுறேனே அண்ணா" என்றான்.

சந்தேகத்தில் வெர்ஷன் என்ன என்று பார்க்கச் சொன்னேன். 2.27.0! உபுண்டு ஒழுங்காகத் திருத்தி அனுப்பிய கிட், 'யூஎஸ்ஆர்' ஃபோல்டரின் 'பின்'னில் இருக்கிறது. நான் கம்பைல் செய்தது 'யூஎஸ்ஆர்' ஃபோல்டருக்குள் 'லோக்கல்' என்ற இடத்தின் 'பின்'னில் இருக்கிறது. கமாண்ட் கொடுத்தால் கம்ப்யூட்டர் முதலில் தேடுவது 'லோக்கல்' பக்கம்தான். அங்கே இருப்பது உபுண்டுவின் பேக்கேஜ் கணக்கிலேயே கிடையாது. அதனால் எத்தனை அப்டேட் போட்டாலும் அது தொடப்படாது. கண்ட கண்ட புராஜெக்டுகளை எல்லாம் இறக்கிப் பார்க்கும் மாணவன், இரண்டரை ஆண்டுப் பழைய கிட்டோடு 'அப்டேட் ஆகிவிட்டது' என்று நிம்மதியாக இருந்திருக்கிறான். நல்லவேளை, எதுவும் நடக்கவில்லை.

நீக்கிவிடலாம் என்றால் அதிலும் சிக்கல். கிட்டின் மேக்ஃபைலில் 'இன்ஸ்டால்' உண்டு, 'அன்இன்ஸ்டால்' கிடையாது. ஒவ்வொரு ஃபைலாகத் தேடி கையால் அழித்தோம்.

"சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தால் பாதுகாப்பு அதிகம்தானே?" என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் சாஃப்ட்வேரின் 5.6.0, 5.6.1 வெர்ஷன்களில் ரகசிய வாசல் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் திறந்துவிடும் வரிகள், வெளியிடப்பட்ட சோர்ஸ் தொகுப்பின் கம்பைல் ஸ்கிரிப்டிலேயே ஒளிந்திருந்தன. புராஜெக்டின் கிட் பதிவில் அந்த வரிகள் இல்லை. எஸ்எஸ்ஹெச் லாகின் வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற இன்ஜினியர் துருவியதால்தான் அது வெளியே வந்தது. சோர்ஸ் கையில் இருப்பதால் மட்டும் பாதுகாப்பு வந்துவிடாது. யாராவது அதைப் படிக்க வேண்டும், தொடர்ந்து கவனிக்க வேண்டும். பேக்கேஜாக இன்ஸ்டால் செய்யும்போது அந்தக் கவனிப்பில் பெரும்பகுதியை உபுண்டு, டெபியன் போன்ற குழுக்கள் நமக்காகச் செய்கின்றன. நாமே கம்பைல் செய்தால் அந்த வேலை நம் தலையில்.

அதனால் என் யோசனை இதுதான். அன்றாட வேலைக்குப் பேக்கேஜையே பயன்படுத்துங்கள். கற்றுக்கொள்ள கம்பைல் செய்வதாக இருந்தால் உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் தனி ஃபோல்டர் ஒன்றை 'ப்ரிஃபிக்ஸ்' ஆகக் கொடுங்கள். வேண்டாம் என்றால் அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் போதும், ரூட் பாஸ்வேர்டும் தேவைப்படாது. என்ன சாஃப்ட்வேர், எந்த வெர்ஷன், எந்தத் தேதி என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை புது வெர்ஷன் வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு நேரமில்லை என்றால் அதை நீக்கிவிடுங்கள்.

முக்கியமாக, அடுத்தவர் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டும் என்றால், அதைப் பராமரிப்பது யார் என்று அன்றே பேசிவிடுங்கள்.

இப்போதே 'விச்' கமாண்டோடு 'ஏ' ஆப்ஷன் சேர்த்து 'கிட்' என்று கொடுத்துப் பாருங்கள். 'லோக்கல்' பக்கமும் ஒரு கிட் இருப்பதாகப் பதில் வந்தால், உங்கள் வீட்டிலும் என் தம்பியின் கதை ஓடிக்கொண்டிருக்கலாம்.