விட விடாதவர் யார்?

"மனம் வைத்தால் போதும், பீடியை விட்டுவிடலாம்" என்று மேடையேறிச் சொல்கிறார்கள். மனமா இல்லை நம் தொழிலாளிக்கு? 2016-17இல் மத்திய அரசு எடுத்த கணக்கே பேசுகிறது: புகைப்போரில் நூற்றுக்கு 55 பேர் விட எண்ணுகிறார்கள், 38 பேர் அந்த ஓராண்டிலேயே விட்டும் பார்த்திருக்கிறார்கள். விட்டவர் ஏன் மறுபடி பற்றவைத்தார்?

குலசேகரம் பக்கம், விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகும் தோழரைக் கேளுங்கள். குளிர், கொசு, வெறும் வயிறு. கண் விழித்ததும் பற்றவைக்கும் அந்த முதல் பீடி இருக்கிறதே, அதுதான் விலங்கு! எழுந்த அரைமணிக்குள் புகைத்தாக வேண்டியவருக்கு விடுவது கடினம் என்பது மருத்துவர் கண்ட உண்மை. நிறுத்தினால் முதல் வாரம் எரிச்சல், தூக்கமின்மை, கண்டவர் மீதெல்லாம் கோபம். ("இதற்குப் பீடியையே வலித்துத் தொலையலாம்" என்று வீட்டார் சொல்வதும் அந்த வாரத்தில்தான்!) அதைத் தாண்ட மருந்துண்டு, நிக்கோட்டின் சூயிங்கம் உண்டு. ஆனால் பீடிக்கட்டு பத்தடி தூரத்தில். மருந்தும் ஆலோசனையும் பத்து மைல் தூரத்தில்!

இதை மாற்ற முடியாதா? தென் கொரியாவைப் பாருங்கள். 2014இல் அங்கே ஆடவரில் நூற்றுக்கு 43 பேர் புகைத்தார்கள். 2015 ஜனவரியில் சிகரெட் பெட்டியின் விலை 2500 வொன்னிலிருந்து 4500 வொன் ஆயிற்று. அத்தோடு நின்றார்களா? விட விரும்புவோரின் மருந்துச் செலவிலும் அரசுக் காப்பீடு பங்கேற்றது. அவ்வாண்டே 43 என்பது 39 ஆயிற்று. வரி மட்டும் போட்டால் அது ஏழையின் சட்டைப் பையைத் தடவும் வேலை. மருந்தும் சேர்ந்து வந்தால்தான் நியாயம்.

டில்லி செய்ததென்ன? 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. கவுன்சில் கூடி, பீடி வரியை 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்க முடிவு செய்தது! பீடி சுற்றும் தாய்மாருக்காக என்பார்கள். கேட்கிறோம்: நெல்லையிலும் தென்காசியிலும் ஆயிரம் பீடிக்குக் கிடைக்கும் கூலியை அந்த வரிக்குறைப்பு உயர்த்திக் கொடுக்குமா? அந்தத் தாய்மாருக்கு வேறு தொழில் தரவேண்டும். கணவன்மாருக்கு மலிவுப் பீடி அல்ல.

டில்லியைக் கேட்ட வாயால் நம்மையும் கேட்டுக்கொள்வோம். அண்ணாவை 1969 பிப்ரவரி 3ஆம் நாள், 59 வயதிலே, புற்றுநோய் பறித்தது. அவருக்குப் புகையிலைப் பழக்கம் இருந்ததை மறைப்பதற்கில்லை. அவர் படம் மாட்டிய படிப்பகத்தின் திண்ணையிலே இன்று யார் பீடி வலிப்பது? நாம்தானே!

அடுத்த கிளைக் கூட்டம் முதல் அந்தத் திண்ணையில் நெருப்பு வேண்டாம். விட்டு மூன்று நாளான தோழரைச் சாயாக்கடைக்கு இழுக்காதீர். 1800-11-2356 என்ற இலவச எண்ணைச் சுவரிலே எழுதிவையுங்கள். ஆசாரிப்பள்ளம் வரை அலையாமல், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மருந்தும் ஆலோசனையும் கிடைக்க வேண்டும் என்று பால் வெட்டுவோரும் மீனவரும் கொத்தனாரும் கையொப்பமிட்ட மனு மாவட்ட ஆட்சியருக்குப் போகட்டும். மனு எழுதும் வேலையை எந்தக் கிளை ஏற்கிறது?