வேலைக்கு ஆள் தேடுகிறார்களா, வரன் பார்க்கிறார்களா?

உத்தியோகத்திற்கு விண்ணப்பம் போட்டவரை நேரில் கூப்பிட்டுப் பேசுவதற்குப் பேட்டி என்றும், நேர்முகத் தேர்வு என்றும் பெயர் சொல்லுகிறார்கள். வந்தவருக்கு அந்த வேலை தெரியுமா, தெரியாவிட்டால் கற்றுக்கொள்ளும் புத்தி உண்டா, நாணயமாய் நடப்பாரா என்பவற்றைத் தெரிந்து கொள்ளுவதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால் நடப்பதென்ன? கணக்கு எழுத வந்தவனிடம் கணக்கில் ஒரு கேள்வி கேட்டால், குடும்பத்தைப் பற்றி ஒன்பது கேள்வி கேட்கிறார்கள்.

"தம்பிக்கு எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு? குலதெய்வம் எது? சைவமா, அசைவமா?" இந்தக் கேள்விகளுக்கும் பேரேட்டுக்கும் என்ன சம்பந்தம்? தோழர்களே! பேரேட்டோடு சம்பந்தமில்லை, ஜாதியோடுதான் சம்பந்தம். 1929-ம் வருஷம் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில், பெயருக்குப் பின்னால் ஜாதிப் பட்டம் போடுவதை விட்டுவிட வேண்டுமென்று தீர்மானித்தார்கள். இன்று இந்நாட்டில் பெயரைக் கொண்டு ஜாதியைக் கண்டுபிடிப்பது கஷ்டமாய்ப் போய்விட்டது. வாசல் அடைபட்டதால் கொல்லைப்புறமாய் நுழைகிறார்கள். "நீ என்ன ஜாதி?" என்று நேரே கேட்க வெட்கமாம், தெருவைக் கேட்டால் வெட்கமில்லையாம்!

"இடஒதுக்கீட்டிற்காக சர்க்கார் மாத்திரம் ஜாதியைக் கேட்கவில்லையா?" என்று சில மேதாவிகள் மடக்குவார்கள். சர்க்கார் பாரத்தில் பகிரங்கமாய்க் கேட்பது, தலைமுறை தலைமுறையாய் வெளியே நிறுத்தப்பட்டவனை உள்ளே விடுவதற்கு. அதற்குச் சட்டமும் உண்டு, கணக்கும் உண்டு. இவர்கள் ஜாடையாய்க் கேட்பதோ, உள்ளே வரத் தகுதியுள்ளவனை வெளியே நிறுத்துவதற்கு. இதற்குக் கணக்கும் கிடையாது, காரணமும் சொல்ல வேண்டியதில்லை. வைத்தியன் நாடி பார்ப்பதும், திருடன் மடியைத் தடவுவதும் ஒன்றாகுமா?

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். "கலியாணம் ஆய்விட்டதா? குழந்தை எப்போது? வேலைக்கு வர புருஷன் சம்மதித்தாரா?" என்று கேட்கிறார்கள். "உமக்குக் குழந்தை பிறந்தால் ஆபீசுக்கு எப்படி வருவீர்?" என்று எந்த மானேஜராவது ஓர் ஆண்பிள்ளையைக் கேட்டதுண்டா?

சர்க்காருக்குச் சொந்தமான ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் என்ன செய்தது என்று பாருங்கள். வேலைக்குச் சேரும் பெண்கள் மாதவிடாய் ஒழுங்காய் வருகிறதா, கடைசியாய் வந்த தேதி எது, எத்தனை முறை கர்ப்பமானார்கள் என்பதையெல்லாம் பாரத்தில் எழுதித் தரவேண்டுமென்று வைத்திருந்தது. 1989-ல் பரீட்சையிலும் பேட்டியிலும் தேறி வேலையில் சேர்ந்த ஒரு பெண்ணை, பிரசவ லீவில் இருந்தபோது 1990-ல் நீக்கிவிட்டு, பாரத்தில் தவறான தேதி எழுதினார் என்று காரணம் சொன்னார்கள். அவர் சுப்ரீம் கோர்ட்டு வரை போனார். 1991-ல் கோர்ட்டார், அவரை மறுபடி வேலையில் சேர்க்க உத்தரவிட்டதோடு, இக்கேள்விகள் சுயமரியாதைக்கு இடைஞ்சலானவை என்று கண்டு, அவற்றைப் பாரத்திலிருந்தே எடுத்துவிடச் சொன்னார்கள். ஒரு பெண் பணிந்து போகாததால் எத்தனையோ பெண்கள் தப்பினார்கள்.

அரசியல் சட்டத்தின் 16-வது பிரிவு மதம், ஜாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றைக் கொண்டு பேதம் காட்டலாகாது என்கிறது. ஆனால் அப்பிரிவு சர்க்கார் உத்தியோகத்திற்கே. தனி முதலாளியின் அறைக்குள் அது எட்டிப் பார்ப்பதில்லை. ஆகவே அங்கே போகிறவர் தாமே தயாராய்ப் போகவேண்டும்.

சம்பந்தமில்லாத கேள்வி வந்தால் கோபப்பட வேண்டாம். "இது இந்த வேலைக்கு எந்த விதத்தில் வேண்டும் என்று சொன்னால், அதற்குத் தக்கபடி பதில் சொல்லுகிறேன்" என்று அமைதியாய்க் கேளுங்கள். நேரத்திற்கு வருவீர்களா என்பதே அவர்கள் சந்தேகமானால், "வருவேன், ராத்திரி முறைக்கும் தடையில்லை" என்று அதற்கு மாத்திரம் பதில் சொல்லுங்கள். பொய் சொல்ல வேண்டாம். பின்னால் அதையே குற்றமாக்குவார்கள். வெளியே வந்தவுடன் கேட்ட கேள்வியையும் தேதியையும் எழுதி வையுங்கள். வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே என்று எல்லாவற்றிற்கும் பதில் சொல்லிவிட்டு வருகிறவரை நாம் குறை சொல்லமாட்டோம். மானக்கேடு கேட்டவனுக்கே ஒழிய, பசித்தவனுக்கல்ல.

கடைசியாக ஒரு வார்த்தை. கடையும், ஆலையும், பள்ளிக்கூடமும் வைத்து நடத்துகிறவர்கள் நம்மிலும் உண்டு. கூட்டத்தில் ஜாதி ஒழிய வேண்டுமென்று கை தட்டிவிட்டு, மறுநாள் காலையில் ஆள் எடுக்கும்போது "எந்தத் தெரு?" என்று கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்குச் சொல்லுகிறோம்: கேட்கப் போகும் கேள்விகளை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வருகிற எல்லோரிடத்திலும் அதையே கேளுங்கள். எழுதக் கூசுகிற கேள்வி எதுவோ, அது கேட்கவும் தகாத கேள்வியேயாகும்.