தீவுப் பயணத்தை எங்கிருந்து திட்டமிடுவது?

தீபாவளி விடுமுறை நெருங்கும்போது மாஹிம், மாட்டுங்கா, செம்பூர்த் தமிழரிடையே, குறிப்பாக ஆய்வு மாணவர் வட்டங்களில், ஒரு கேள்வி எழுகிறது: அந்தமானா, பாலியா, யாழ்ப்பாணத் தீவுகளா? கடற்கரை, கோயில், மலையேற்றம் எல்லாம் ஒரே பயணத்தில் வேண்டும் என்பது விருப்பம். விருப்பத்தில் பிழையில்லை. ஆனால் பயண நிறுவனத்தின் படங்களிலிருந்து திட்டமிடத் தொடங்குகிறோமே, அந்த முறையில்தான் எனக்கு உடன்பாடில்லை. ஒரு தீவுக்குச் செல்லுமுன் அதன் பருவத்தையும் அங்கு வாழும் மக்களையும் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் பருவம். அக்டோபரையும் நவம்பரையும் 'இலையுதிர்காலம்' என்று எழுதுவது மேலைநாட்டு நாட்காட்டியின் பழக்கம். தமிழ் மரபின் ஆறு பெரும்பொழுதுகளில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வாடையும் மழையும் சேர்ந்த பொழுது. இலங்கையின் வடபகுதிக்கு வடகிழக்குப் பருவமழை வரும் காலமும் இதுவே. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகேறக் காத்திருப்பவரின் நாளைக் கடலும் காற்றுமே முடிவுசெய்யும். மும்பையிலோ நிலைமை நேர்மாறு. தென்மேற்குப் பருவமழை அக்டோபரில் விடைபெறுகிறது. வெயில் கடுமையானாலும் வானம் தெளிந்திருக்கும், குன்றுகளில் பசுமை எஞ்சியிருக்கும். எனவே இப்பருவத்திற்கு ஏற்ற தீவு நம் துறைமுகத்திற்குள்ளேயே இருக்கிறது.

கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் காராப்புரி, அதாவது எலிஃபெண்டா. பாறையைக் குடைந்து அமைத்த சைவக் குகைகள், மூன்று முகம் காட்டும் பேருருவச் சதாசிவம், 1987-இல் கிடைத்த யுனெஸ்கோ உலக மரபுச் சின்னத் தகுதி ஆகியவை பலரும் அறிந்தவை. குகைகளோடு திரும்பிவிடாமல் பழைய பீரங்கிகள் கிடக்கும் குன்றுவரை நடந்தால் துறைமுகம் முழுவதையும் காணலாம். போர்த்துக்கீசியர் இட்ட பெயருக்குக் காரணமான கல்யானை இன்று தீவில் இல்லை. பைகுல்லாவில் பாவு தாஜி லாட் அருங்காட்சியகத்தின் அருகே நிற்கிறது. அதை முன்னதாகவே பார்த்துவிடுவது நன்று. திங்கட்கிழமை குகைகளுக்கு விடுமுறை. படகில் லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி அணியுங்கள். 2024 டிசம்பரில் இவ்வழித்தடப் படகு மீது கடற்படை விரைவுப்படகு மோதிப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறக்கலாகாது.

இனி மக்கள். உலக மரபுச் சின்னமாகி முப்பது ஆண்டுகள் கடந்த பின்னரே, 2018-இல், கடலடிக் கம்பிவடம் வழியாகக் காராப்புரியின் மூன்று குடியிருப்புகளுக்கும் நிலையான மின்சாரம் வந்தது. பெருநகரத்தின் விளக்குகளை ஒவ்வோர் இரவும் எதிரே பார்த்தபடி, சில மணி நேர ஜெனரேட்டர் வெளிச்சத்தில் வாழ்ந்தவர்கள் அவர்கள். 'பண்பாட்டுச் சுற்றுலா' என்று சொல்லிக் கல்லில் செதுக்கிய உருவங்களை மட்டும் கண்டு, அருகில் வாழும் மனிதரைக் காணாமல் திரும்புவது ஆய்வு மாணவருக்கு அழகன்று. மதிய உணவைத் தீவினர் நடத்தும் கடையில் உண்பதும், கொண்டுசென்ற நெகிழிக் குப்பையைத் திரும்பக் கொண்டுவருவதும் பயணத் திட்டத்தின் பகுதியாக வேண்டும்.

மாஹிமும் ஒரு தீவாக இருந்ததே. பம்பாயின் ஏழு தீவுகளுள் ஒன்று அது; 1845-இல் கடற்பாலச் சாலை திறக்கப்படும்வரை பாந்திராவுக்கு ஓடையைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. குர்ஆனுக்கு அரபியில் விரிவுரை எழுதிய மக்தூம் அலி மாஹிமியின் தர்கா, புதன்கிழமை நொவேனாவுக்குப் பல சமயத்தாரும் திரளும் புனித மிக்கேல் தேவாலயம், கோலி மீனவர் குடியிருப்பு மூன்றையும் ஒரு காலைப்பொழுதில் நடந்தே காணலாம். தாராவியை ஒட்டி, மித்தி ஆற்றங்கரையில் குப்பைமேடாக இருந்த நிலம் இன்று மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா. பறவைகளைக் காண அது போதும்.

தொலைதூரப் பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தமானுக்கும் நெடுந்தீவுக்கும் அவற்றுக்குரிய பருவத்தில் செல்லலாம். அப்போதும் மூன்று கேள்விகளுக்கு விடை தேடிய பின்னரே பயணச்சீட்டு வாங்க வேண்டும்: இம்மாதத்தில் அங்குக் கடல் எப்படி இருக்கும்? அங்கு வாழ்பவருக்குக் குடிநீரும் மின்சாரமும் எங்கிருந்து வருகின்றன? நாம் செலவிடும் பணம் யாரிடம் சேர்கிறது? இக்கேள்விகளைக் கேட்டுப் பழகக் காராப்புரியைவிட அருகிலும் குறைந்த செலவிலும் நமக்கு வேறு இடமில்லை.